ஐடா ஸ்கடர் வராமல் இருந்திருந்தால் வேலூர் எப்படி இருந்திருக்கும்?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "வேலூரில் எங்கே திரும்பினாலும் ஐடா ஸ்கடர் பெயர். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டு அவர் மனம் மாறியதால்தான் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை) உருவானது என்கிறார்கள். ஒருவருடைய ஓர் இரவு ஓர் ஊரின் வரலாற்றையே மாற்றிவிடுமா? அவர் இல்லையென்றால் வேறொருவர் செய்திருக்க மாட்டாரா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மருத்துவமனையைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது, வரலாற்றை நகர்த்துவது மனிதர்களா, அவர்களுக்கு முன்பே ஊருக்குள் நடமாடத் தொடங்கிவிட்ட கருத்துகளா என்ற பழைய வழக்கு. வட ஆர்க்காட்டுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். முதல் பாதியில் வகுப்பில் சொன்ன பதிலும் பிற்பாதியில் சொன்ன பதிலும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த இரவு. ஐடா 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இலேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர், தந்தையும் மருத்துவர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த ஐடா, உடல்நலம் குன்றியிருந்த தாய்க்குத் துணையாக 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். விரைவில் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான் வந்தார். (வேலூர்க்காரர்களில் பலர் அந்த இரவு வேலூரில் நடந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திண்டிவனம் அன்று தென் ஆர்க்காடு மாவட்டம்.) ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து என்று மூன்று கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஐடாவை அழைத்தார்கள் என்றும், தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தை வருவார் என்று அவர் சொன்னபோது ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள் என்றும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்றும் கதை போகிறது. இது நம்மிடம் வந்து சேர்ந்த வழி ஐடாவின் வாய்மொழிதான். அவர் இதைத் தம் வாழ்நாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மூன்று தட்டல், மூன்று சமூகம், ஒரே இரவு என்ற கச்சிதம் சொல்லச் சொல்ல வந்து சேர்ந்ததாக இருக்கலாம் என்று ஐயப்படுவது வரலாற்று மாணவருக்கு அழகுதான். ஆனால் அடுத்து நடந்தவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900இல் வேலூருக்கு வந்தார். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். ஆரணி சாலையில் இன்று கண் மருத்துவமனையாக இயங்குவது அந்த வளாகம்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற எண்ணம் ஐடாவின் மூளையில் உதித்ததா? நிச்சயமாக இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அப்போது அங்கே படித்த மேரி ஷார்லீப், 1885இல் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்றும் வயதானவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனை அதுதான். அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவ உதவி கிடைக்க ஒரு நிதியைத் தொடங்கினார். 1886இல் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பட்டம் பெற்றார். 1894இல் லூதியானாவில் எடித் பிரவுன் கிறித்துவப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையே நிறுவிவிட்டார். ஆகவே திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்ட காலத்திலேயே அந்தக் கருத்து நாடெங்கும் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பட்டியலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஐடாவின் இரவு காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். பழம் ஏற்கெனவே பழுத்திருந்தது. காக்கை யாராக இருந்தால் என்ன என்பது என் வாதம்.

அந்தப் பழத்தைப் பழுக்க வைத்தது எது என்று கேட்டால், பதில் சற்று சங்கடமானது. சீர்திருத்தக் கருத்துக்கு முன்பாக அங்கே இன்னொரு கருத்து இருந்தது: தன் வீட்டுப் பெண்ணை அந்நிய ஆண் தொடக் கூடாது என்பது. திண்டிவனக் கதையில் மூன்று சமூகத்தவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான். ஆண் மருத்துவர் அரசு மருத்துவமனையில் இருந்தும் பயனில்லாமல் போனது இந்தக் கட்டுப்பாட்டால். பெண்கள் மருத்துவர்களாகியே தீரவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியதும் இதே கட்டுப்பாடுதான். பெண்ணை வீட்டுக்குள் வைத்த வழக்கம், வேறு சில பெண்களை வெளியே வரவழைத்துக் கையில் கத்தியையும் நூலையும் கொடுத்தது. கருத்துகள் வரலாற்றில் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நினைக்கும் திசையில் அவை போவதில்லை.

என் பதில் மாறியதற்குக் காரணம் ராணிப்பேட்டை. மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போனபோது, ஸ்கடர் நினைவு மருத்துவமனையின் வாசலில் நின்ற ஒரு மாணவி, "ஐயா, இது வேலூரைவிடப் பழையதாயிற்றே, பிறகு ஏன் இது சி.எம்.சி. ஆகவில்லை?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த மருத்துவமனையை 1866இல் தொடங்கியவர் ஐடாவின் பெரியப்பா சைலஸ் ஸ்கடர். அதே குடும்பம், அதே ஆர்க்காடு மிஷன், அதே அமெரிக்கச் சபையின் பணம், முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவு, அதற்கும் மேலாக வேலூரைவிட முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட முன்தொடக்கம். காலம் கனிந்தது என்பது மட்டுமே விளக்கம் என்றால் பழம் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். இயற்பியல்காரர்களைப் போல வரலாற்றுக்காரனால் சோதனை செய்து பார்க்க முடியாது. ஆனால் இப்படி எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறுபடும் இரண்டு இடங்கள் எப்போதாவது அமையும். அமைந்தால் அதை விடக் கூடாது.

வேறுபட்டது எது? ராணிப்பேட்டையில் நோயாளியைக் குணப்படுத்தினார்கள். வேலூரில் குணப்படுத்துபவர்களை உண்டாக்கத் தொடங்கினார்கள். இந்த முடிவு ஒரே நாளில் வந்ததும் அல்ல. ஷெல் மருத்துவமனை நிரம்பி வழிந்தது, வரமுடியாதவர்களுக்காக 1906 முதல் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுக்கும் வழக்கம் தொடங்கியது, அதுவும் போதவில்லை. ஒரு பெண் எத்தனை ஊருக்குத்தான் போவார்? 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1918 ஆகஸ்டில், முதல் உலகப் போர் முடியாத நிலையில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பட்டப் படிப்பு அல்ல, எல்.எம்.பி. என்ற உரிமச் சான்றிதழ்ப் படிப்பு. ஆறு பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று மாகாண மருத்துவத் தலைமை அதிகாரி சொன்னதாக வழங்கிவருகிறது. வந்தவை 150க்கு மேல். சேர்க்கப்பட்டவர்கள் இருபதுக்கும் குறைவு. படிப்பை முடித்தவர்கள் 14 பேர்.

இந்த 150 என்ற எண்ணை மட்டும் தனியாக எடுத்து யோசித்துப் பாருங்கள். 1900இல் அதே விளம்பரம் கொடுத்திருந்தால் பத்துப் பேர்கூடக் கிடைத்திருப்பார்களா என்பது ஐயமே. இடையில் நடந்தது என்ன? மிஷன்களும் அரசும் நடத்திய பெண்கள் பள்ளிகளில் ஒரு தலைமுறை உயர்நிலைப் பள்ளிவரை படித்து முடித்திருந்தது. 1914இல் சென்னையில் ராணி மேரி கல்லூரி, 1915இல் பெண்கள் கிறித்துவக் கல்லூரி என்று பெண்களுக்கான கல்லூரிகள் திறக்கப்பட்டிருந்தன. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார். ஒரு தமிழ்ப் பெண் மருத்துவராக முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தது. ஆகவே 1918இல் ஐடா வைத்த அடி வெற்றிடத்தில் வைத்ததல்ல. ஆனால் அதே 1918இல், அதே பள்ளிக்கூடத் தலைமுறை நாடு முழுதும் இருக்க, எத்தனை மிஷன் மருத்துவமனைகள் மருத்துவப் பள்ளி தொடங்கின? விரல்விட்டு எண்ணலாம். என் இன்றைய பதில் இங்கேதான் நிற்கிறது: எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கும் என்பதைக் காலமும் கருத்துகளும் தீர்மானிக்கின்றன, திறந்த பாதைகளில் எதில் நடப்பது என்பதை மனிதர் தீர்மானிக்கிறார். அப்படித் தீர்மானிக்கும் முச்சந்திகள் ஒருவர் வாழ்க்கையில் இரண்டோ மூன்றோதான் வருகின்றன. திண்டிவனத்தில் ஐடா எடுத்த முடிவு இன்னொரு நல்ல மருத்துவரைத் தந்திருக்கும், அவ்வளவே. வேலூரை வேலூர் ஆக்கியது 1918இல் எடுத்த முடிவு. மேடைப் பேச்சில் முதலாவதற்குக் கிடைக்கும் இடம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய கதையில் கதவு தட்டும் ஓசை இல்லை அல்லவா.

மூன்றாவது முச்சந்தி வந்தபோது அவருக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது. 1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவக் கல்வி முழுவதையும் பல்கலைக்கழகப் பட்டமாக்க முடிவு செய்தது. இரண்டாந்தர மருத்துவர்களை உண்டாக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். தன்னளவில் நியாயமான நோக்கமும்கூட. ஆனால் அது வேலூருக்கு மூடுவிழா அழைப்பிதழாகவே வந்தது. எம்.பி.பி.எஸ். நடத்த வேண்டுமானால் மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள், இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பெண்கள் சங்கங்களின் காசு மட்டும் அதற்குப் போதாது. எல்லாச் சபைகளும் சேர்ந்து தாங்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்று கட்டிய கல்லூரியில் ஆண்களா என்று எதிர்த்தவர்களில், அமெரிக்காவில் ஐடாவுக்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டிய லூசி பீபாடியும் ஒருவர். நெருங்கிய துணை அந்தப் பிரச்சினையில் முறிந்தது. ஐடா கடைசியில் ஆண்களைச் சேர்ப்பதை ஏற்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். தான் கொண்டுவந்த கருத்தைத் தானே வளைத்தார் என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்த எத்தனையோ நிறுவனங்கள் இன்று பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டன. ஆனாலும் அந்த இழப்பை இழப்பென்றே எழுத வேண்டும். அதற்குப் பிறகு கல்லூரியை நடத்தியவர்களில் விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸின் பெயரைத் தேர்வுக்காக இல்லாவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாடு விடுதலையடைந்த காலத்தில் கல்லூரியை ஏற்று நடத்திய முதல் இந்தியப் பெண்மணி அவர்.

ஐயத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களைக் கொண்டு குடியாத்தம் சாலை ஊர்களில் பாட்டிமார்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டியபோது, "வெள்ளைக்கார டாக்டரம்மா எனக்குப் பிரசவம் பார்த்தார்கள், ஐடாம்மா" என்று பலர் சொன்னார்கள். வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பல பிரசவங்கள் ஐடா ஓய்வு பெற்ற 1946க்குப் பிறகு நடந்தவை. அதே பெயரில் அவருடைய சகோதரர் மகள் ஒருவர், கதிரியக்கவியல் மருத்துவர், வேலூரில் பணியாற்றினார். அவரும் பிற வெளிநாட்டுப் பெண் மருத்துவர்களும் மக்கள் நினைவில் ஒரே ஆளாகக் கரைந்துபோனார்கள். பெரிய பெயர் அருகிலுள்ள சிறிய பெயர்களைத் தின்றுவிடும். அதைப் போலவே, மிஷன் அறிக்கைகளில் ஊர் மருத்துவச்சிகள் அறியாமையின் உருவமாகவே வருகிறார்கள். சிக்கலான பிரசவத்தில் அவர்கள் கைவிட்ட உயிர்கள் மருத்துவமனை வாசலுக்கு வந்தன, எழுதப்பட்டன. அவர்கள் கையில் நல்லபடியாகப் பிறந்த குழந்தைகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு தரப்பு மட்டுமே எழுதிய சாட்சியத்தை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதமாற்றம் பற்றியும் கேட்பீர்கள். பணம் கொடுத்தவர்களுக்கு அந்த நோக்கம் இருந்தது. ஐடாவும் தம் நம்பிக்கையை மறைத்தவர் அல்லர். ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மருந்தை எடுத்துக்கொண்டார்கள், மதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் வேலூர் என்பதற்கும் யாரும் போட்ட திட்டம் காரணமில்லை. ஐடா வந்தபோது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர்; 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரமாயிற்று. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடிய முதல் ரயில் பின்னர் காட்பாடியைப் பெரிய சந்திப்பாக்கியது. அந்தச் சந்திப்பு இல்லையென்றால், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக வங்க எழுத்தில் பலகை மாட்டிய விடுதிகள் தோட்டப்பாளையத்தைச் சுற்றி இருந்திருக்காது. ரயில் பாதை போட்டவருக்குச் சாலையும் இல்லை, சிலையும் இல்லை.

ஒரு பெயரைச் சுற்றி எழுதப்படாத வரலாறு எப்படி இருக்கும் என்று பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோட்டைக்குள் போனால் போதும். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தது, தொப்பி போன்ற புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை என்ற உத்தரவுகளை எதிர்த்து. அன்றே ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதை அடக்கிவிட்டது. ஆனாலும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைமை தாங்கித் தண்டனை பெற்றவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. வேலூர்த் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாகாண அரசின் தலையையே மாற்றிய நிகழ்வு இன்று மக்கான் சந்திப்பில் ஒரு நினைவுத் தூணாக நிற்கிறது.

கடைசியாக, "ஐடாவைத் தவிர வேறு யாரையாவது நாங்கள் மறந்துவிட்டோமா?" என்று கேட்டிருந்தீர்கள். பால் பிராண்டை மறக்கவில்லை. கொல்லிமலையில் பிறந்த அந்த எலும்பு அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் ஏற்படும் காயங்களால்தான் சிதைகின்றன என்று நிறுவியதும், தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தியதும் பாடநூல்களில் இருக்கின்றன. அவர் கருத்து சரியென்றால், கையைச் சரிசெய்தபின் பாதத்தைக் காப்பாற்றியாக வேண்டும்; முள் ஏறாத அளவுக்குக் கெட்டியாகவும் புண் உண்டாக்காத அளவுக்கு மெத்தென்றும் இருக்கும் செருப்பு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலும் தோல் வேலையும் தெரிந்த வட்டாரம் இது. 1955இல் திறந்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் பட்டறையில் நுண்துளை ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புகளை, ஒவ்வொரு பாதத்தையும் அளந்து பார்த்துத் தைத்தவர்கள் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள். மருத்துவர் சொன்னதை அவர்கள் அப்படியே செய்துவிடவில்லை. எந்த இடத்தில் வார் உரசும், எந்த இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பதைத் தொழில் தெரிந்த கைதான் சொல்லும். அங்கே பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரை என் மாணவர்கள் பேட்டி கண்டபோது அவர் பிராண்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. தான் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் ஆறு மாதம் கழித்துப் புண் இல்லாத பாதத்தோடு திரும்பி வந்தால், பழைய செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்.